எதிரே நிறுத்திய சரக்கு வண்டி

வைப்பர் சத்தத்தோடு ஒரு செருமலும் கேட்டது.

அவள் ஹெட்போனைக் கழற்றிச் சுற்றுமுற்றும் பார்த்தாள். வீட்டில் யாருமில்லை, மத்தியான மழை ஜன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது, அடுப்பில் குக்கர் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது, உள்ளே காயப்போட்ட துணியின் ஈரவாடை கூடமெங்கும் பரவியிருந்தது. மறுபடி மாட்டினாள். கண்ணாடியைத் தேய்த்துப் போகும் வைப்பரின் கரகரப்பு, எஞ்சினின் அடித்தொண்டை உறுமல், அதற்கும் அடியில் தொண்டையைச் செருமி மூக்கை உறிஞ்சும் சத்தம். அது அவள் கணவனுடையது. கல்யாணமான நாளிலிருந்து காலையில் அவளை எழுப்பிவிடுவதே அந்தச் செருமல்தான்.

கணவன் ஓட்டுவது நிஜ ரயில். அவள் ஓட்டுவது கம்ப்யூட்டர் ரயில். ஆர்வக்கோளாறு பிடித்த சிலர் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதும் விளையாட்டு அது. அவன் தினமும் போகும் பாதையையே ஒரு பாலம், ஒரு சிக்னல் விடாமல் அதில் கட்டியிருந்தார்கள். யாராவது நிரலில் கைவைத்தால் ஓட்டிப் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்வது அவள் வேலை. "நான் வண்டியை ஓட்டுறேன், நீ மவுஸை ஓட்டு" என்று அவன் கேலி செய்வான்.

புதுச் சத்தத்தைச் சேர்த்தவனைப் போனில் கூப்பிட்டாள். குழுவில் அவனுக்குச் சுண்டெலி என்று பெயர்.

"வைப்பர் சத்தத்துல ஆள் செருமுறது எப்படிடா வந்துச்சு?"

"ஆளா? என்னக்கா சொல்றீங்க! எங்க வீட்டு ஜன்னலைத் தேய்ச்சுப் பதிவு பண்ணினேன். வேற எதையும் தொடவே இல்ல."

"சரி, வை. பார்த்துட்டுச் சொல்றேன்."

எரிச்சலோடு திரையில் பார்வையை ஓட்டுநர் அறையின் உள்பக்கம் திருப்பினாள். கொக்கியில் ஒரு சாப்பாட்டுப் பை ஆடிக்கொண்டிருந்தது. காது அறுந்துபோய், காலையில் அவசரத்துக்கு அவளே தன் மஞ்சள் ரிப்பனால் முடிச்சுப் போட்டுக் கொடுத்தனுப்பிய பை.

சோதனை செய்பவர்களுக்கு ஒரு சோம்பேறிப் பழக்கம் உண்டு. வண்டியை நிறுத்தி, ஆட்டத்தை முறையாக முடித்து வெளியே வரப் பொறுமை இருக்காது. தொடங்கும்போதே சிக்னல்களையெல்லாம் பச்சையாக்கிவிட்டு, அதே தண்டவாளத்தில் தொலைவில் ஒரு சரக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். மோதியதும் ஆட்டம் தானாக மூடிக்கொள்ளும். இன்று அவளும் நிறுத்தியிருந்தாள், பாலம் தாண்டி வரும் வளைவில்.

பிரேக்கைப் போட்டாள். வேகமுள் இறங்கவில்லை. சிக்னலைச் சிவப்பாக்கினாள், பச்சையாகவே நின்றது. சரக்கு வண்டியை நீக்கப் போனாள்; பட்டியலில் அப்படியொரு வண்டியே இல்லை. கணவனைக் கூப்பிட்டாள். வண்டி ஓட்டும்போது போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது விதி, அணைந்துதான் இருந்தது. ரயில்வே கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு, பாலம் தாண்டிய வளைவில் சரக்கு வண்டி ஏதும் நிற்கிறதா என்று கேட்டாள்.

"அந்த லைன்ல ஒண்ணும் நிக்கலம்மா. எல்லாம் கிளியர். யாரு பேசுறீங்க?"

"அவரை நிறுத்தச் சொல்லுங்க. உங்க கால்ல விழுறேன். வளைவுக்கு முன்னாடி..."

"எதுக்குன்னு சொல்லுங்க."



"விளையாட்டுல..." என்றாள். இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

பாலம் வந்துவிட்டது. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். செருமல் இப்போது கூடத்தில் கேட்டது. பிளக்கை இழுத்தாள். திரை அணைந்தது. எஞ்சின் அணையவில்லை.

இரும்பு கருகும் வாடை.

தண்டவாளத் தட்டல். பக்கத்தில். இன்னும் பக்கத்தில்.

ஹாரன். நீளமாக.

"யாரு இதை இங்க கொண்டாந்து நிறுத்தினது!"

அவன் குரல்.

பிறகு மழை மட்டும்.

கறுத்த திரையின் உள்பக்கம் மெல்ல ஒரு மூச்சு படிந்தது. சுருங்கியது. மறுபடி படிந்தது, முன்னைவிடச் சின்னதாக. "என்னங்க! என்னங்க!" என்று கத்திக்கொண்டு அவள் உள்ளங்கையைக் கண்ணாடியில் அழுத்தினாள். உள்ளிருந்து ஐந்து விரல்கள் வந்து அவள் விரல்களுக்கு நேராக ஒட்டின. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. பிறகு, ஈரக் கோடுகளை இழுத்தபடி, வழுக்கிக் கீழே இறங்கின.

புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். கோடுகள் இந்தப் பக்கத்தில் இல்லை.