மூன்றாவது மாடி வெளிச்சம்

காலையில் கணவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். வேலைக்குப் போகும் நாளில் அவன் இஸ்திரி போடுவதில்லை. லிஃப்ட் மெக்கானிக்கின் சட்டை எப்படியும் மதியத்துக்குள் கிரீஸாகிவிடும்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். பக்கத்து வீட்டு பேக்கரிக்காரர் தன் பழைய வீட்டை இடித்துவிட்டு நான்கு மாடி கட்ட அனுமதி கேட்டிருந்தார். ஆட்சேபம் உள்ளவர்கள் நேரில் வந்து சொல்லலாம் என்று நகராட்சி அறிவித்திருந்தது. அவள் கணவனுக்கு ஆட்சேபம் இருந்தது.

அவள் முன்னறை ஜன்னலில் நூல்கண்டையும் துணியையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பா, கருநீலமா என்பது டியூப்லைட்டில் தெரியாது. பகல் வெளிச்சத்தில்தான் தெரியும். ஒருமுறை மழை நாளில் விளக்கை நம்பி, ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டுக்குக் கருநீல நூலில் கை ஓரம் மடித்துத் தைத்துவிட்டாள். கோர்ட் வாசலில் வெயிலில் நின்றபோதுதான் அவருக்கே தெரிந்ததாம். அதிலிருந்து ஜன்னலைக் கேட்காமல் அவள் ஊசியில் நூல் கோப்பதில்லை.

நான்கு மாடி எழுந்தால் அந்த ஜன்னல் இருண்டுவிடும். அதுதான் அவன் ஆட்சேபம். அண்டை வீட்டாரின் பிழைப்புக்கு வேண்டிய வெளிச்சம் போகிறது என்று சொன்னால், மேல் இரண்டு மாடிக்கு அனுமதி கிடைக்காது. விசாரித்து வைத்திருந்தான்.

"நீயும் வரணும். உன் வாயால ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"கட்டிட்டுப் போகட்டுமே."

இஸ்திரிப்பெட்டி பாதிச் சட்டையில் நின்றது.

"உன் கண்ணுக்காகத்தான் இவ்வளவு அலையறேன். நீயே இப்படிச் சொன்னா, நான் அங்க போய் யாருக்காகப் பேசறது?"

அவள் நூல்கண்டை மாற்றிப் பிடித்தாள். பதில் இருந்தது. சொல்லக்கூடிய பதிலாக இல்லை.

போன வாரம் பேக்கரிக்காரர் மதில் பக்கம் வந்து தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீட்டுக்கு அவள் நாத்தனார் பேர் கொடுத்திருக்கிறாள். சாவி கைக்கு வந்த பிறகு அண்ணனிடம் தானே சொல்லிக்கொள்வாளாம்.

"முக்கியமா உங்க காதுக்குப் போகக் கூடாதுன்னு சொன்னாம்மா. தெரிஞ்சா கெடுத்துடுவீங்களாம்."

சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். தான் எதையும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளும்படி அவள் சொன்னாள்.

நாத்தனாரை வீட்டில் குட்டி என்பார்கள். அண்ணி கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது குட்டிக்குப் பன்னிரண்டு வயது. தாய் தகப்பன் இல்லை. தலை பின்னிவிட்டதும், காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்ததும், பரீட்சைக்கு எழுப்பிவிட்டதும் அண்ணிதான். அவளுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. அது பெரிய குறையாகத் தோன்றாத அளவுக்குக் குட்டி வீட்டை நிறைத்திருந்தாள்.

படித்து நர்ஸானாள். தானே ஒருவனைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். பஸ் டிரைவர். நல்ல பையன். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. தன்னைக் கேட்காமல் முடிவெடுத்தாள் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் குட்டி வந்து, கொஞ்ச நாளைக்கு முன்னறையில் இருந்துகொள்ளட்டுமா என்று கேட்டாள். அவள் வேலை செய்த ஆஸ்பத்திரி பின்தெருவில்தான் இருந்தது. நகரத்துக்குள் வாடகை எட்டாத உயரம்.

அண்ணன் உள்ளே வந்து மனைவியிடம் முடியாது என்றான். அதைத் தங்கையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. எங்கோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று சொல்லிப் பின்கதவு வழியாகப் போய்விட்டான். அவள்தான் வாசலில் நின்று சொன்னாள்.

"இடமில்லை குட்டி. முன்னறையில தையல் மிஷின் போடப் போறேன்."

அண்ணன் சொன்னதாகச் சொல்லியிருக்கலாம். குட்டிக்கு உலகத்தில் இரத்தச் சொந்தம் அவன் ஒருவன்தான். அண்ணி மேல் கோபம் வந்தால் தாங்கிக்கொள்ளலாம், அண்ணன் விட்டுப்போனால் தாங்க மாட்டாள் என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. அவ்வளவுதான்.

அதுவரை மிஷின் சமையலறை மூலையில் இருந்தது. சொன்ன பொய்யை நிஜமாக்க மறுநாள் அதை முன்னறைக்கு நகர்த்தினாள். ஜன்னல் வெளிச்சம் கிடைத்தது அப்படித்தான். 'நீங்களும் மத்த அண்ணிங்க மாதிரி ஆயிட்டீங்க இல்ல' என்பது அன்று வாசலில் குட்டி கடைசியாகச் சொன்னது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனுக்கு மட்டும் போன் வரும். யாரும் கேட்காமலே, "உங்க அண்ணி நல்லா இருக்கா" என்று அவன் போனில் சொல்வான். அந்தப் பக்கம் பேச்சு மாறிவிடும்.

குட்டி ஊர்க் கோடியில் குடியேறினாள். இரண்டு பஸ் மாற வேண்டும். இரவு வேலை முடிந்த ஒரு காலையில், பஸ் ஸ்டாப் கம்பத்தில் சாய்ந்து நின்றபடியே அவள் தூங்குவதை அண்ணி எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாள். பையின் வாரைக் கையில் சுற்றியிருந்தாள். பஸ் வந்தது. குட்டிக்குத் தெரியவில்லை. அண்ணி குறுக்கே ஓடிக் கையை நீட்டி பஸ்ஸை நிறுத்தி, அந்தப் பெண்ணை எழுப்பி ஏற்றிக்கொள்ளும்படி கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, பஸ்ஸின் பின்பக்கம் போய் நின்றுகொண்டாள். குட்டி திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஹால் நிறைந்திருந்தது. தெருவில் இரண்டு கார் நிறுத்தி வைத்திருப்பதால் கார்க்காரர் என்று பேர் வாங்கியவர் முதலில் எழுந்தார். தண்ணீர் போதாது, சாக்கடை தாங்காது, வண்டி நிறுத்த இடம் இருக்காது, முன்பின் தெரியாத ஆட்கள் வருவார்கள் என்றார். தண்ணீர் விஷயம் உண்மைதான். அதிகாரி அம்மாள் குறித்துக்கொண்டார்.

அடுத்து அவள் கணவன். பின்னாலிருந்து யாரோ, மாடி கூடாது என்று லிஃப்ட்காரனே சொன்னால் ஊர் எங்கே உருப்படும் என்றார்கள். ஹாலே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. கறுப்பு, கருநீலம் எல்லாம் சொன்னான். தன் மனைவியின் தொழில் அந்த ஜன்னலில் இருக்கிறது என்றான். பேச்சுப் பழக்கமில்லாததால் சொன்னதையே இரண்டு தரம் சொன்னான். அவளுக்கு அவன் மேல் இரக்கமாக இருந்தது.

அப்போது கடைசி வரிசையில் ஒரு நர்ஸ் எழுந்தாள். யூனிஃபார்ம் மாற்றாமல் வந்திருந்தாள்.

"மூணாவது மாடியில பேர் குடுத்தது நான்தான் அண்ணா."

அவன் திரும்பினான். குட்டி அவனைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தாள்.

"அன்னிக்கு மிஷினுக்கு ரூம் வேணும்னு என்னை அனுப்பினீங்க. இன்னிக்கு நூலுக்கு வெளிச்சம் வேணும்னு என் வீட்டையே தட்டிவிடறீங்க. நான் உங்களுக்கு அப்படி என்ன அண்ணி பண்ணேன்?"

இதில் ஆட்சேபம் எது, ஆதரவு எது என்று அதிகாரிக்கே விளங்கவில்லை. அந்த ஜன்னல் யாருடையதோ, அவரே சொல்லட்டும் என்றார்.

அவள் எழுந்தாள். மேடைப் பேச்சு அவளுக்குத் தெரியாது. குட்டியைப் பார்த்தபடியே அதிகாரிக்குப் பதில் சொன்னாள்.

"அது அவ ரூம்மா. அஞ்சு வருஷமா அவ வெளிச்சத்துலதான் நான் தைக்கிறேன். கட்டட்டும். நாலு மாடியும் கட்டட்டும். இந்தத் தெருவுல யாருக்கு உடம்பு சரியில்லைன்னாலும் இவதான் ஊசி போடறா. இவ வீட்டுக்காரர் ஓட்டற பஸ்லதான் நாம போறோம். ராத்திரி மட்டும் இவங்க ஊருக்கு வெளியே போய்ப் படுத்துக்கணும்னா எப்படி? நம்ம தலைக்கு மேல இடம் சும்மாதானே கெடக்கு?"

உட்காரப் போனாள். கணவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"குட்டி," என்றான். "அன்னிக்கு இடமில்லைன்னது உன் அண்ணி இல்ல. நான். உன் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியாம ஓடிட்டேன். அவ தன் தலையில போட்டுக்கிட்டா. மிஷினே அடுத்த நாள்தான் அங்க வந்தது."

கார்க்காரர் கடிகாரம் பார்ப்பதை நிறுத்தினார்.

குட்டி நாற்காலிகளுக்கு நடுவே வந்தாள். அண்ணிக்கு முன்னால் நின்றாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா உனக்கு அண்ணன் இருந்திருக்க மாட்டான்."

"அஞ்சு வருஷமா எனக்கு அண்ணி இல்லையே..."

இருவரும் கட்டிக்கொண்டார்கள். குட்டியின் அடையாள அட்டை நடுவில் மாட்டிக் குத்தியது. யாரும் அதை எடுக்கவில்லை. தோளில் ஆஸ்பத்திரி வாசனை. அதற்குள்ளே பழைய குட்டியின் வாசனை. அதிகாரி அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடாமல் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

அனுமதி கிடைத்தது. மழைநீருக்குத் தொட்டி கட்ட வேண்டும், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வெள்ளை அடிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு.

சுவர் எழ எழ வெளிச்சம் பின்வாங்கியது. முதலில் மிஷின் மேசையை விட்டுப் போனது. பிறகு ஜன்னல் கட்டையை விட்டது. வெள்ளைச் சுவர் தந்தது சாம்பல் நிற மிச்சம். அவள் குறை சொல்லவில்லை. கொத்தனார்கள் சாரத்தில் நின்று பேசுவதைக் கேட்டபடி தைத்தாள். ஒவ்வொரு தளம் போடும்போதும் வெளியே வந்து கழுத்து வலிக்க மேலே பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. காலி ஆகாயத்தில் சமையலறைகள் வந்துகொண்டிருந்தன.

இப்போது அங்கே எட்டுக் குடும்பம். காலையில் மோட்டார் போடுவதில் சண்டை உண்டு. கார்க்காரர் இன்னும் வண்டி நிறுத்த இடமில்லை என்கிறார். ஆனால் அவருக்குச் சர்க்கரை கூடி மயக்கம் வந்தபோது, மூன்றாவது மாடியிலிருந்து செருப்பு மாட்டாமல் ஓடி வந்தது குட்டிதான். இப்போது அவர் புகார் சொல்லும்போது குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். குட்டி இரவு வேலை முடித்து நடந்தே வருகிறாள். கம்பத்தில் சாய வேண்டியதில்லை. கட்டிலில் படுத்துத் தூங்குகிறாள். லிஃப்டைப் பார்த்துக்கொள்வது அண்ணன். கூப்பிடாமலே போய் எண்ணெய் விடுகிறான். முதல் நாள் மாப்பிள்ளையை அதில் ஏற்றிக்கொண்டு மேலும் கீழும் போய்வந்தான். என்ன பேசிக்கொண்டார்களோ, வெளியே வரும்போது இருவரும் சேர்ந்தே வந்தார்கள்.

அவன் இன்னொன்றும் செய்தான். குட்டியின் சமையலறை ஜன்னலில் ஒரு கப்பி மாட்டி, கீழே முன்னறை ஜன்னல் வரை கயிறு விட்டு, ஒரு கூடை கட்டினான். அவள் துணியையும் நாலைந்து நூல்கண்டையும் கூடையில் வைத்துக் கயிற்றை ஆட்டுவாள். மேலே வெயிலில் குட்டி பார்த்து, பொருந்தும் நூலைத் துணியின் மேல் வைத்து இறக்குவாள். டியூப்லைட்டில் அண்ணிக்கு வித்தியாசம் தெரியாது. குட்டி சொன்னால் சரி என்று ஊசியில் கோத்துவிடுவாள். இதுவரை ஒரு கோட்டும் திரும்பி வரவில்லை.

ஒரு காலை, அவள் ஒன்றும் அனுப்பாமலே கூடை இறங்கியது. உள்ளே மெல்லிய வெள்ளைத் துணி. உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிய ஒரு காகித அளவு. மிகச் சின்னச் சட்டைக்கு. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னலில் தலையை நீட்டி மேலே பார்த்தாள். குட்டி எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்வதும் தெரிந்தது.

"அண்ணி, இங்க தொட்டில் போட இடமில்லை. முன்னறையில இடமிருக்கா?"

அவள் உள்ளே திரும்பி மிஷினைப் பார்த்தாள். சமையலறை மூலை காலியாகத்தான் இருந்தது.

"இருக்கு குட்டி. ஆனா இந்த ரூமுல இப்ப வெளிச்சம் கம்மி."

"குழந்தை தூங்கறதுக்கு அதுதான் அண்ணி நல்லது."

கணவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவள் அவனைக் கூப்பிட்டு, மிஷினின் ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னாள்.