இரண்டு கதவுகளுக்கு நடுவே

மலையடிவாரத்து மனநல மருத்துவமனையில் வெலினா வேலைக்குச் சேர்ந்த பெரிய வியாழனன்று, சமையற்கட்டில் ஈஸ்டர் முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வினிகர் நெடி மாடி வரை ஏறியிருந்தது.

நர்ஸ் ஸ்தான்கா ஆலோசனை அறையைக் காட்டினாள். வாசலுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள். இரண்டிலும் பஞ்சு திணித்த தோல் உறை. நடுவே ஓர் ஆள் நிற்கலாம்.

"எதுக்கு ரெண்டு கதவு?"

"பேசுறது வெளிய கேக்கக் கூடாதுன்னு பழைய டாக்டர் போட்டது, டாக்டரம்மா. வாக்குக் குடுத்தா உயிரே போனாலும் காப்பாத்துவாரு." ஸ்தான்கா குரலைத் தாழ்த்தினாள். "ரூமியானான்னு ஒரு பொண்ணு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டு, வீட்டுல நடந்ததை நனைஞ்ச கம்பளிக் கோட்டோட இங்க உக்காந்து அழுது சொல்லியிருக்கா. மனுஷன் வாயே திறக்கல. பண்டிகைக்கு வீட்டுக்கு அனுப்பினோம். அப்புறம் சவப்பெட்டியிலதான் பார்த்தோம். போனது அவ உயிரு."

வெலினா உள்ளே போய் உட்கார்ந்து முதல் நோயாளியை வரச் சொன்னாள்.

வார்டிலிருந்து பண்டிகைக்கு வீடு கிளம்பியிருந்த பதினாறு வயது நெவ்யானா கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"சித்தப்பா என்னை நிலவறையில போட்டுப் பூட்டுவாரு. அடுத்த தடவை திறக்கவே மாட்டாராம். இன்னைக்குக் கூட்டிட்டுப் போக வர்றாரு. யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல? சத்தியமா?"

உயிருக்கு ஆபத்தென்றால் ரகசியம் காக்க முடியாது என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். படித்ததெல்லாம் அந்த முகத்தைப் பார்த்ததும் காற்றில் போயிற்று.

"சத்தியமா."

டொக்.

சத்தம் இரண்டு கதவுகளுக்கு நடுவிலிருந்து வந்தது.

வெலினா உள்கதவைத் திறந்தாள். யாருமில்லை. ஈரக் கம்பளியின் வாடை. முகம் படும் உயரத்தில் தோல் உறை நனைந்திருந்தது. தொட்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

சட்டென்று கதவைச் சாத்தினாள். கீழே முற்றத்தில் ஒரு கார் வந்து நின்றது.

"சித்தப்பா வந்துட்டாரு," என்று நெவ்யானா எழுந்துபோய்க் கைப்பிடியைத் திருகினாள். "திறக்க மாட்டேங்குது, டாக்டர்."

வெலினாவும் இழுத்துப் பார்த்தாள். மறுபக்கம் யாரோ கதவை இறுகப் பிடித்திருந்தார்கள்.

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

அது யார் என்று வெலினாவுக்குப் புரிந்துவிட்டது. கைப்பிடியை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"நெவ்யானா, நான் சத்தியம் பண்ணினது தப்பு. தலைமை டாக்டர்கிட்டயும் போலீஸ்கிட்டயும் சொல்லப் போறேன். நீ வீட்டுக்குப் போக வேண்டாம்."

"பொய்க்காரி," என்றாள் அந்தப் பெண்.

கதவு தானாகத் திறந்தது.

சித்தப்பா முற்றத்தில் நின்று ஊரைக் கூட்டினார். போலீஸ் வந்து அவரைக் கொண்டுபோயிற்று. நெவ்யானா வார்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். வெலினா பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை. அது வலித்தது. ஆனால் போர்வைக்குள் அவள் முதுகு மூச்சுக்கு ஏறி இறங்கியது. வெலினாவுக்கு அழுகை வந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அறையைப் பூட்டப் போனாள். நடுவே நின்று உள்கதவைச் சாத்தியதும், திறந்து வைத்திருந்த வெளிக்கதவு மெல்ல மூடிக்கொண்டது.

இருட்டு.

ஈரக் கம்பளி அவள் தோளில் உரசியது.

"என்னோடதையும் சொல்லுங்க, டாக்டர்."

அவள் காதோடு அது ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கியது. இந்தத் தடவை அது சத்தியம் எதுவும் கேட்கவில்லை.