பேசாத நாளில் தீர்ந்த பேட்டரி

பெட்டியின் மேல் ‘எட்டு மணி நேரம் தாங்கும்’ என்று அச்சடித்திருந்தது. பெட்டியின் மேல் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அட்டைக்கு வாயா இருக்கிறது, அது பொய் என்று எடுத்துச் சொல்ல?

புது லேப்டாப் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. காலை ஏழரை மணிக்கு முழுச் சார்ஜோடு வீட்டை விட்டுக் கிளம்பும். பதினொன்றரைக்கெல்லாம் கண்ணை மூடிவிடும். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று ஒரு நாளும் தப்பவில்லை.

வேறு வீடாக இருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பார்கள். இந்த வீட்டில் அப்படி விட முடியாது. அந்த லேப்டாப்தான் அண்ணனின் குரல்.

அண்ணனுக்குப் பதினெட்டு வயது. பிறந்ததிலிருந்தே பேச்சு வராது. காது நன்றாகக் கேட்கும். வேண்டாததும் கேட்கும். கை நடுங்குவதால் பேனா பிடித்து எழுதினால் கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஆனால் லேப்டாப்பில் தட்டினால் எழுத்து சரியாக விழும். அவன் தட்டுவதை அது உரக்கப் படிக்கும். அதற்குச் சிரிக்கவும் தெரியாது, கோபப்படவும் தெரியாது. அண்ணன் கேலி செய்தாலும், ரயில் தாமதமாக வரும் என்று அறிவிப்பது போல ஒரே குரலில்தான் சொல்லும்.

அவனுக்கு ஒரு தங்கை. பத்து வயது. ஓர் இடத்தில் நிற்க மாட்டாள், எதையாவது பிடித்தால் விட மாட்டாள். அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் நண்டு.

வெள்ளிக்கிழமை மாலை அண்ணன் வேலையிலிருந்து வந்தபோது முகம் சரியில்லை. அது அவனுடைய முதல் வேலை. நூலகத்தில் இரண்டு வாரம் வைத்துப் பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். தள்ளுவண்டியில் புத்தகங்களை ஏற்றி, லிஃப்டில் கொண்டுபோய், மூன்று மாடிகளிலும் அடுக்க வேண்டும். யாராவது வந்து, இந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்ல வேண்டும்.

வந்ததும் லேப்டாப்பைச் சுவரில் செருகினான். அதற்குப் பிறகுதான் பேச்சு வந்தது.

“தலைமை நூலகர் மேடம் கூப்பிட்டுப் பேசினாங்க.”

“என்ன சொன்னாங்க?” என்று அம்மா கேட்டார்.

“மத்தியானத்துக்கு மேல நான் பிளக் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேனாம், பூந்தொட்டி மாதிரி. அவங்க பூந்தொட்டின்னு சொல்லல. அது நான் சேர்த்தது.”

யாரும் சிரிக்கவில்லை.

“திங்கட்கிழமையும் இப்படியே இருந்தா வேற ஆளைத்தான் பார்க்கணும்னு சொன்னாங்க. கோபமா சொல்லல. அதான் கஷ்டமா இருக்கு.”

அப்பா குழாய் வேலை செய்பவர். எந்தக் கடைக்காரரையும் நம்ப மாட்டார். கடைக்காரர் ‘வணக்கம்’ என்றால்கூட எதற்காகச் சொல்கிறார் என்று யோசிப்பார்.

“பழைய பேட்டரியைப் புது டப்பாவுல அடைச்சு நம்ம தலையில கட்டிட்டான். நாளைக்கே கொண்டுபோய் அவன் மேசையில வைக்கிறேன்” என்றார்.

“நான் போன் பண்ணிக் கேட்டுட்டேன். பத்து நாள் அங்கேயே விட்டுட்டுப் போகணுமாம். சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் மாத்திக் கொடுப்பாங்களாம்” என்றார் அம்மா.

பழைய லேப்டாப் போன மாதமே மொத்தமாகப் படுத்துவிட்டது. புதிதும் கடைக்குப் போனால் பத்து நாளைக்கு அண்ணனுக்குக் குரல் இல்லை. திங்கட்கிழமைக்கு மேல் வேலையும் இல்லை.

“அப்பா, நாமளே சோதிச்சுப் பார்த்தா என்ன?” என்றாள் நண்டு.

“யாரு, நீயா?”

“நான்தான். அவங்க பத்து நாள்ல பண்றதை நான் ரெண்டு நாள்ல பண்றேன்.”

“அவங்க என்ன பண்ணுவாங்கன்னு நினைக்கிற? ஒன்பது நாள் அலமாரியில கிடக்கும். பத்தாவது நாள் துடைச்சுக் கொடுப்பாங்க.”

“அப்ப நான் அதைவிட அதிகமாவே பண்றேன்.”

“ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணி வரைக்கும் பாரு. அதுக்கு மேல நான் நிக்க மாட்டேன், கடைக்குக் கிளம்பிடுவேன்” என்றார் அப்பா.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நண்டு காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா எங்கோ குழாய் உடைந்துவிட்டது என்று கிளம்பிப் போயிருந்தார்.

நண்டின் மனதில் ஓர் உறுத்தல் இருந்தது. லேப்டாப் வந்த அன்றே அதன் திரையில் மீன்கள் நீந்தும் படத்தை வைத்தது அவள்தான். பதினேழு மீன்கள். இப்படி நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருந்தால் பேட்டரி என்ன ஆகும்?

“அண்ணா, என்னாலதான் தீருதோ என்னமோ. மீனை விட்டது நான்தானே.”

“எனக்கு மீன் பிடிச்சிருக்கு” என்றது லேப்டாப்.

மீனை எடுத்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். முதலிலேயே எடுத்துவிட்டால், குற்றம் மீனுடையதா இல்லையா என்று எப்படித் தெரியும்? திரையின் வெளிச்சத்தையும் குறைக்கவில்லை. எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும், எப்படித் தீர்கிறது என்று முதலில் பார்ப்போம் என்று முடிவு செய்தாள்.

“அண்ணா, இன்னைக்கு நீ பேசிக்கிட்டே இருக்கணும். சும்மா இருக்கக் கூடாது.”

“என் வாழ்க்கையில யாரும் என்கிட்ட இப்படிச் சொன்னதில்ல.”

அண்ணன் விளையாட்டாக ஆரம்பித்து வெறியாகப் பேசினான். அம்மா துணி மடிக்கும் விதத்தைப் பற்றிக் கருத்துச் சொன்னான். பக்கத்து வீட்டு நாய்க்கு ஜன்னல் வழியாக அறிவுரை சொன்னான். நண்டு மூன்றாம் வகுப்பில் மேடையில் பாட்டை மறந்து அழுததை முழுக் கதையாகச் சொன்னான். அம்மா அடுக்களையிலிருந்து, “கொஞ்சம் மூச்சு விடுடா” என்றார்.

நண்டு அரை மணிக்கு ஒரு முறை பேட்டரி அளவை எழுதினாள். எட்டு மணிக்குப் பிளக்கைப் பிடுங்கியபோது நூறு சதவீதம். ஒன்பது மணிக்கு எண்பத்தெட்டு. பதினொன்றரைக்கு லேப்டாப் கண்ணை மூடும் என்று இருவரும் திரையையே பார்த்தார்கள். ஐம்பத்தெட்டு சதவீதம் இருந்தது. மீன்கள் ஜாலியாக நீந்தின. மூன்று மணிக்கும் பதினாறு மிச்சம்.

மாலையில் வந்த அப்பா தாளை வாங்கிப் பார்த்தார்.

“வீட்டுல நல்ல பிள்ளை மாதிரி நடிக்குது. வெளியில போனா வேலையைக் காட்டுது. கடைக்காரன் புத்தி அப்படியே வந்திருக்கு” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

நண்டு தாளை வைத்துக்கொண்டு யோசித்தாள். மீனும் அதே மீன், வெளிச்சமும் அதே வெளிச்சம். வீட்டில் ஏழு மணி நேரம் தாங்கியது நூலகத்தில் ஏன் தாங்கவில்லை?

“அண்ணா, நூலகத்துல ஒரு நாளைக்கு எவ்வளவு பேசுவ?”

“அது நூலகம். சத்தமா பேசினா என்னையே வெளியில அனுப்பிடுவாங்க. காலையில ஒரு முக்கால் மணி நேரம் திறந்திருந்தா அதிகம்.”

“மத்த நேரம்?”

“மூடிப் பையில போட்டு வண்டியில மாட்டியிருப்பேன். புத்தகம் அடுக்கணுமே.”

நண்டு எழுந்து நின்றுவிட்டாள். நாள் முழுக்கப் பேசினால் தாங்குகிறது. பேசாமல் பைக்குள் இருந்தால் தீர்ந்துவிடுகிறது. இது என்ன தலைகீழ் நியாயம்?

அப்பாவோடு அவள் இரண்டு மூன்று வீடுகளுக்கு வேலைக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். தண்ணீர் எங்கோ கசிகிறது, எங்கே என்று தெரியவில்லை என்றால், அப்பா சுவரை உடைக்க மாட்டார். முதலில் வீட்டில் உள்ள எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்வார். பிறகு தண்ணீர் மீட்டர் முன்னால் குந்தி உட்கார்ந்து அதையே பார்ப்பார். எல்லாம் மூடியிருந்தும் முள் சுற்றினால் கசிவு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

இதுவரை அவள் குழாயைத் திறந்துவிட்டு அளந்துகொண்டிருந்தாள். மூடிவிட்டு அளக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. லேப்டாப்பில் நூறு சதவீதம். நண்டு அதை மூடினாள். அண்ணனின் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். நாற்காலியில் மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அண்ணன் பல் தேய்த்துக்கொண்டே வந்து, என்ன என்று கையால் கேட்டான். அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

பைக்குள்ளிருந்து மெல்லிய ஓசை வந்தது. உஸ்ஸ் என்று சின்ன மின்விசிறி ஓடுவது போல.

எட்டு மணிக்கு ஜிப்பைத் திறந்து கையை விட்டாள். காய்ச்சல்காரர் நெற்றி போலச் சுட்டது. எடுத்துத் திறந்தாள். எழுபத்தாறு.

“ஒரு வார்த்தை பேசாம இருபத்தி நாலு போயிருக்கு அண்ணா. ஏழரைக்குக் கிளம்பி பதினொன்றரைன்னா நாலு மணி நேரம். நாலு தடவை இருபத்தி நாலு எவ்வளவு?”

“தொண்ணூத்தி ஆறு” என்றது லேப்டாப். “இது பைக்குள்ள தூங்கவே இல்ல. முழிச்சுக்கிட்டு வெந்துக்கிட்டு இருந்திருக்கு.”

இருவரும் லேப்டாப்பின் செட்டிங்ஸ் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து தேடினார்கள். ஐந்தாவதில் இருந்தது. ‘மூடியை மூடினால்’ என்று ஒரு வரி. அதற்கு நேரே ‘எதுவும் செய்யாதே’ என்று இருந்தது.

“யார் இப்படி வச்சது?” என்றாள் நண்டு.

அண்ணன் தட்டப் போனான். பிறகு விரலை எடுத்துவிட்டு, கூடத்துப் பக்கம் கண்ணைக் காட்டினான். அங்கே அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, கடைக்காரரிடம் சொல்லவேண்டியதைச் சுவரிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்டுக்குப் புரிந்தது. பழைய லேப்டாப் மூடினால் தூங்கிவிடும், எழுப்ப ஐந்து நிமிடம் ஆகும். ஒரு முறை பேருந்தில் அண்ணனுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. எங்கே வலிக்கிறது என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். லேப்டாப் விழித்துச் சொல்வதற்குள் அப்பாவுக்கு உயிரே போய்விட்டது. அந்தக் கதையை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

கூடத்துக்கு ஓடிப்போய், “எல்லாம் உங்களாலதான்” என்று கத்தியிருக்கலாம். நண்டு கத்தவில்லை. அந்த வரியை ‘தூங்கு’ என்று மாற்றினாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

“அப்பா, ஒரு உதவி. நான் இதை மூடித் திறக்கிறேன். பேச எவ்வளவு நேரம் ஆகுதுன்னு எண்ணுங்க.”

“கிளம்புற நேரத்துல என்ன விளையாட்டு?”

“ஒரே தடவைப்பா.”

மூடினாள். கொஞ்ச நேரம் விட்டுத் திறந்தாள். அப்பா “ஒண்ணு, ரெண்...” என்று எண்ணும்போதே அண்ணன் தட்டிவிட்டான். “காலை வணக்கம்” என்றது லேப்டாப்.

அப்பா நண்டைப் பார்த்தார். “இன்னொரு தடவை பண்ணு.”

இருபது தடவை மூடித் திறந்தார்கள். இருபது தடவையும் இரண்டு எண்ணுவதற்குள் விழித்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் நண்டு அந்த வரியைக் காட்டினாள். இதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்றும் சொன்னாள்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“நான்தான் வைக்கச் சொன்னேன். மூடினாலும் இது தூங்கக் கூடாதுன்னு கடையில சொன்னேன். அப்ப... அவன் வாயை அடைச்சது நான்தானா?”

“இல்லப்பா. நீங்க காவலுக்கு ஆள் வச்சீங்க. இதுக்குக் காவல் தேவைப்படல, அவ்வளவுதான்.”

அப்பா சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“இருந்தாலும் அந்தக் கடைக்காரன் சொல்லியிருக்கணும், பேட்டரி தீர்ந்துடும்னு.”

“சொன்னார்” என்றது லேப்டாப். “நீங்கதான் அவர் பொய் சொல்றார்னு சொன்னீங்க. நானும் நம்பிட்டேன்.”

அம்மாதான் முதலில் சிரித்தார். அப்பா முறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

“இன்னும் முடியல” என்றாள் நண்டு. லேப்டாப்பை மறுபடி பைக்குள் வைத்தாள். இந்த முறை அப்பாவும் வந்து, மீட்டர் முன்னால் உட்காருவது போலப் பையின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். உஸ் சத்தம் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து எடுத்தபோது தொட்டால் சில்லென்று இருந்தது. வைக்கும்போது அறுபத்தாறு, எடுக்கும்போது அறுபத்தைந்து.

மணி பத்தாகப் பத்து நிமிடம் இருந்தது. அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் நண்டுக்கு ஓடவே இல்லை. பதினொன்றரை மணிக்கு வகுப்புக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்து டீச்சரிடம் திட்டு வாங்கினாள். மணி அடித்ததும் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நூலகத்துக்கு ஓடினாள். வாசலில் தலைமை நூலகர் நின்றிருந்தார். “இங்க புத்தகம் அடுக்குற எங்க அண்ணன் எங்கே?” என்று கேட்டாள் நண்டு.

“உங்க அண்ணனா? ரெண்டாவது மாடி. எனக்கே ஒரு புத்தகம் தேடித் தரணும்னு சொல்லியிருக்கேன். அடுத்த வாரத்துக்குள்ள தர்றேன்னு சொல்லியிருக்கார்” என்றார்.

“அடுத்த வாரமா?” என்றாள் நண்டு.

“அடுத்த வாரமும் வருவார், அதுக்கப்புறமும் வருவார். இன்னைக்குக் காலையில இருந்து நிக்க நேரம் இல்ல அவருக்கு. போய்ப் பார்.”

நண்டு படி ஏறினாள். அண்ணன் தள்ளுவண்டியின் பக்கத்தில் நின்றிருந்தான். வண்டி மேல் லேப்டாப் திறந்திருந்தது. ஒரு தாத்தா ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணா, எவ்வளவு மிச்சம் இருக்கு? சொல்லு” என்று மூச்சு வாங்க ஓடினாள்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் சிரிப்பு இருந்தது. விரல்கள் தட்டின.

“எல்லாரும் காத்திருக்காங்க. வரிசையில வாங்க” என்றது லேப்டாப்.

நண்டு போய் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள்.