பட்டை கட்டிய வீடு

கோமதிநாயகம் மேடையில் புட்டியைத் திறந்து, மூக்கருகே கொண்டுபோய், ஆழமாக மூச்சை இழுத்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மகள் செண்பகவல்லிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் அம்மா ஆவுடையம்மாள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்தாள்.

“பாத்தீங்களா? கை நடுங்குதா? கண்ணு தேடுதா?” என்று ஒலிபெருக்கியில் கேட்டார் கோமதிநாயகம். “ஒண்ணும் கிடையாது. ஏன்? மன உறுதி!”

புட்டியை மூடி டொக்கென்று மேசைமேல் வைத்தார். கோவில்பட்டிக் கல்யாண மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. நெற்றியில் மூன்று பட்டைத் திருநீறு, சலவைச் சட்டை, கழுத்தை மூடிய பொன்னாடை. பார்க்கிறவர்களுக்கு ஏதோ தவம் முடித்து வந்தவரைப் போல இருந்தார்.

அந்த மன உறுதி எங்கே இருக்கிறது என்று வல்லிக்குத் தெரியும். பாதி அவள் கழுத்தில் இருந்தது, பாதி அம்மாவின் கழுத்தில்.

குடிவேட்கையை அழிக்கும் மருந்தை யாரும் கண்டுபிடித்துவிடவில்லை. அதைப் பங்கு போடும் கருவியைத்தான் கண்டுபிடித்தார்கள். வேட்கைப் பகிர்வி என்று பெயர். விரல் அகலத்தில் ஒரு கழுத்துப்பட்டை. குடிப்பவர் கழுத்தில் கட்டினால், அவர் நரம்பில் எழும் தாகத்தை அது அப்படியே வாங்கி, ஒரே கூரையின் கீழ் நெடுநாள் வாழ்ந்து உடம்பின் தாளம் ஒத்துப்போனவர்களின் பட்டைகளுக்கு அனுப்பிவிடும். பெரிய பாரத்தைப் பலபேர் தூக்கினால் ஆளுக்குக் கொஞ்சம்தானே என்பது கண்டுபிடித்தவர்களின் நம்பிக்கை. தாங்குகிறவர்களுக்கு அரசு ‘பங்காளி’ என்று கம்பீரமாகப் பெயர் வைத்தது. பெயரைக் கேட்டதுமே உண்மையான பங்காளிகள் காணாமல் போனார்கள். கோமதிநாயகத்தின் தம்பிகள் இரண்டு பேரும் ‘எங்களுக்குத் தனிச்சமையல்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சொத்து என்று வந்தால் மட்டும் அந்தக் கதவு திறக்கும்.

முன்பெல்லாம் ஊரில் பட்டை என்றால் சாராயம். இல்லாவிட்டால் நெற்றித் திருநீறு. இப்போது மூன்றாவதாக ஒரு பொருள் சேர்ந்திருந்தது. கோமதிநாயகம் முதல் பட்டையை விட்டு இரண்டாவது பட்டைக்கு வந்தார். மூன்றாவதின் பாரம் வீட்டுப் பெண்களிடம் போயிற்று.

கேட்டுவிட்டுக் கட்டவில்லை. ஒருநாள் பட்டை கட்டும் அரசுத் துறை ஊழியரையும் கைரேகைக் கருவியையும் அழைத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்கே வந்தார் அவர்.

“வீட்ல உள்ளவங்களப் பங்காளியா சேக்கணும்னா குடும்பத் தலைவர் ரேகை போதும் சார்” என்றார் ஊழியர்.

கோமதிநாயகம் மிடுக்காகக் கட்டைவிரலை வைத்தார். கருவி சிவப்பாக எரிந்தது.

“ரேஷன் அட்டையில அம்மால்லா சார் தலைவி.”

மகளிர் உதவித்தொகை வந்த காலத்தில் ஓடிப்போய் அட்டையை மனைவி பெயருக்கு மாற்றியவர் அவரேதான். அதை மறந்துவிட்டிருந்தார். ஆவுடையம்மாள் உளுந்து மாவில் கை வைத்திருந்தாள். அந்தக் கையை இழுத்து, தன் துண்டால் விரலைத் துடைத்து, கருவியில் அழுத்தினார். பச்சை எரிந்தது. தலைவிக்கு, தான் எதற்குச் சம்மதித்தோம் என்பது கழுத்தில் பட்டை ஏறியபிறகுதான் விளங்கியது.

கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது கோமதிநாயகம் குறைப்பட்டுக்கொண்டார்.

“முன்வரிசையில உக்காந்துக்கிட்டு ரெண்டு பேரும் மொகத்த உம்முன்னு வச்சிருந்தா நல்லாவா இருக்கு?”

“மோந்து பாக்காம பேசப்படாதா?” என்றாள் ஆவுடையம்மாள்.

“அதுதானட்டி பேச்சுக்கே உசிரு!”

“உங்க பேச்சுக்கு உசிரு. எங்களுக்குத் தொண்டை காயுது.”

“தண்ணி குடிக்க வேண்டியதுதான.”

“எந்தத் தண்ணி கேக்குன்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்?” என்றாள் வல்லி.

அவர் சிரித்தார். “கட்டுப்பாடு வேணும் பிள்ளை. மனுசனுக்கு அதுதான் முக்கியம்.”

வல்லி பகலில் கடலைமிட்டாய்க் கம்பெனியில் சிப்பம் கட்டினாள். மாலையில் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்தாள். எதையும் இரண்டுமுறை அளக்காமல் நம்பமாட்டாள். அளந்த பிறகு அளவுகருவியைச் சந்தேகப்படுவாள். அதையும் சோதித்த பிறகு தன்னையே சந்தேகப்படுவாள். கொஞ்ச நாளாக அவளை ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. வகுப்புக்குப் போகும் வழியிலிருக்கும் மதுக்கடைப் பக்கம் கால்கள் தாமாகச் சாய்ந்தன. இது அப்பாவின் தாகமா, என் தாகமா?

பட்டையைக் கழற்றிப் பார்த்துவிடலாம்தான். ஆனால் அவள் கழற்றினால் அவள் பங்கும் அம்மாவுக்குப் போய்விடும். அம்மாவின் இதயம் ஏற்கெனவே மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு பூட்டைக் கண்டுபிடித்தவனுக்கு என்ன பரிசு கொடுத்தார்களோ என்று வல்லி அடிக்கடி நினைத்துக்கொள்வாள்.

ஒருநாள் கோமதிநாயகத்துக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க முழு மயக்க ஊசி போட்டார்கள். அவர் நரம்பே உறங்கிக் கிடந்தது. வல்லி பட்டையின் சிறுவிளக்கைக் கண்ணாடியில் பார்த்தாள். இருட்டு. எதுவும் வந்துகொண்டிருக்கவில்லை. இருந்தும் தொண்டை காய்ந்தது. விளக்கு கெட்டிருக்கலாம் என்று கழற்றாமலே தட்டிப் பார்த்தாள், கம்பியைச் சோதித்தாள், அம்மாவின் பட்டையோடு ஒப்பிட்டாள். எல்லாம் சரியாக இருந்தன. அவள் மட்டும்தான் சரியாக இல்லை. அப்பாவின் தாகத்தைச் சுமந்து சுமந்து அவள் உடம்பு அதைச் சொந்தமாகத் தயாரிக்கக் கற்றுக்கொண்டிருந்தது.

குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கு ஆறுதல் சொல்லவென்றே ஊரில் ‘தோள் மையம்’ இருந்தது. சுவரில் ஒரு பெரிய தோள் வரைந்திருந்தார்கள். தலை இல்லை. பொறுப்பாளர் இன்பராணி மேடம் தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்.

“யாரும்மா உங்க வீட்ல குடிக்கிறது?”

“எங்க அப்பா. கோமதிநாயகம்.”

“மன உறுதி சாரா?” இன்பராணி எழுந்தே நின்றுவிட்டார். “அவரு திருந்திச் சான்றிதழே வாங்கிட்டாரேம்மா. குடிக்கிறவங்க இருக்கிற வீட்டுக்குத்தான் நாங்க தோள் குடுப்போம். உங்க வீட்லதான் யாரும் இல்லையே.”

“அவரு தாகத்த நாங்கல்லா மேடம் தாங்குதோம்.”

“அனுசரிச்சுப் போகணும்மா. எத்தனை வீட்ல அப்பா தெருவுல கெடக்காரு? உனக்கு இப்பேர்ப்பட்ட அப்பா. நீ குடுத்துவச்சவ.”

“இப்ப எனக்கே தாகம் வருது மேடம்.”

இன்பராணி சந்தேகத்தோடு, பட்டை வழியாக வருவதை விட்டுவிட்டு உடம்பின் சொந்தத் தாகத்தை மட்டும் அளக்கும் வேட்கைமானியை எடுத்து வல்லியின் மணிக்கட்டில் வைத்தார். முள் துள்ளிக் கடைசிக்கே போய் நின்றது. மேடத்தின் நாற்காலி சற்றே பின்னுக்கு நகர்ந்தது.

“எவ்வளவு நாளாக் குடிக்க?”

“ஒரு சொட்டு நாக்குல பட்டதில்ல.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. முள்ளு பொய் சொல்லாதும்மா. விதிப்படி நீதான் குடிநோயாளி.”

வல்லிக்கு அழுகை வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, வகுப்பில் கணக்கு திடீரென்று விடைக்கு வந்துவிடும்போது வருமே, அந்த அமைதி வந்தது.

“அப்போ எனக்கும் பங்காளி போடலாம், இல்லையா?”

“போடலாம். உன்னோட சொந்தத் தாகத்துக்கு மட்டும். அப்பாகிட்ட வாங்குன பங்க மறுபடி கைமாத்த முடியாது, கருவியே விடாது.” இல்லாவிட்டால் குடும்பங்கள் அதைச் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருக்கும் என்பது வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. மனிதர்களைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருந்த ஒரே விஷயம் அதுதான் போலும். “அம்மாவப் போடவா?”

“அம்மா ஏற்கெனவே தாங்குதாங்க. வீட்ல சும்மா ஒரு ஆளு இருக்காரு. கழுத்துல பட்டையும் இருக்கு.”

இன்பராணிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. “சாரையா? பெரிய மனுசன்மா!”

“பெரிய மனுசனுக்கு விலக்குன்னு விதியில இருக்கா?”

மேடம் விதிகளைத் திரையில் மேலும் கீழும் தள்ளித் தேடினார். இல்லை. பெரிய மனிதர்கள் தாங்க வேண்டிவரும் என்று எழுதியவர்கள் யாரும் நினைத்திருக்கவில்லை.

“அவரு சம்மதிக்கணுமே” என்றார் கடைசியில்.

“குடும்பத் தலைவி ரேகை போதும்லா?”

அன்று மாலை கைரேகைக் கருவி மறுபடி அந்தச் சமையலறைக்கு வந்தது. இம்முறை கொண்டுவந்தவள் வல்லி. விஷயத்தைச் சொன்னதும் ஆவுடையம்மாள் அடுப்பை அணைத்தாள்.

“ஏட்டி, அவருகிட்ட ஒரு வார்த்த கேக்கண்டாமா?” என்றாள்.

வல்லிக்குத் தயக்கம் வந்தது. நான் செய்வது சரிதானா, நானும் அவரைப் போலத்தானே செய்கிறேன் என்று யோசித்தாள். “கேக்கணுமாம்மா?”

“சும்மா கேட்டுப் பாத்தேன்.” அம்மா கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவி, சேலையில் ஈரம் போகத் துடைத்து, விரலைத் தானே கொண்டுபோய் வைத்தாள். “அன்னைக்கு மாவுக் கையோட பிடிச்சு அழுத்துனாரு. நாம மரியாதையாச் செய்வோம்.”

அடுத்த கூட்டம் அதே மண்டபத்தில் நடந்தது. கோமதிநாயகம் புட்டியைத் திறந்து மோந்தார். கை நடுங்கவில்லை. “பாத்தீங்களா?” என்று தொடங்கினார்.

வல்லி அந்தப் புட்டியை நிதானமாக, ஆசைதீரப் பார்த்தாள். இதுநாள்வரை கண்ணை மூடிக்கொண்டவள் இன்று மூடியின் வளையம் முதல் அடியில் தேங்கிய நிறம் வரை பார்த்தாள். அவளுக்குள் அவளுடைய தாகம் எழுந்தது. எழுந்த வேகத்தில் மேடைக்குப் போயிற்று.

கோமதிநாயகத்தின் குரல் ‘மன’ என்ற இடத்தில் நின்றது. உறுதி வரவில்லை. புட்டியை மூட மூடியைத் தேடினார், அது கையிலேயே இருந்தது. கீழே வைக்கப் பார்த்தார், விரல்கள் விடவில்லை. உதட்டை நக்கினார். நடிப்பென்று நினைத்து மண்டபம் கைதட்டியது. வல்லியிடம் அவருடைய பாதிப் பங்கு இன்னும் இருந்தது. ஆனால் அவளுடையது போய்விட்டது. வெகுநாளைக்குப் பிறகு மண்டபத்துச் சாம்பார் வாசனை மூக்கில் ஏறிப் பசித்தது.

அன்று அவர் குடிக்கவில்லை. அத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அதற்குப் பெயர் மன உறுதி இல்லை, கூச்சம்.

விசாரித்து விஷயம் தெரிந்ததும் அவர் வீட்டுக்கு வரவில்லை. நேராகத் தோள் மையத்துக்குப் போனார். ‘குடிநோயாளி மகளோடு போராடும் தந்தை’ என்று இன்பராணி மேடம் அவரை உட்காரவைத்தார். வல்லி வந்தபோது தள்ளிவைக்கப்பட்ட தேநீர் அவருக்கு ஏலக்காய் தட்டிப்போட்டு வந்தது. தம்பிகள் இருவரும் ஓடிவந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“பொம்பளப் பிள்ளைய அடக்கி வளக்காம விட்டுட்டேன்” என்று அவர் விசும்பினார். “அது தாகத்த நான் தாங்குதேன். ஒரு தகப்பனுக்கு இதவிடக் கொடுமை உண்டா?”

அங்கிருந்த எல்லாத் தோள்களும் அவர் பக்கம் சாய்ந்தன. யாரும் அனுசரிச்சுப் போகச் சொல்லவில்லை. ‘உடனே விடுவிக்கணும்’ என்றார்கள். விடுவிக்கவும் விதி ஒன்றுதான். குடும்பத் தலைவியின் ரேகை. பட்டையைத் தானே கழற்றி எறிந்தால் அவருடைய சொந்தத் தாகமும் அவரிடமே திரும்பிவிடும்.

இன்பராணியும் கருவியும் பின்னால் வர, கோமதிநாயகம் சமையலறை வாசலில் வந்து நின்றார். திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. ஆவுடையம்மாள் வடை தட்டிக்கொண்டிருந்தாள். வல்லி எண்ணெய்ச் சட்டியின் பக்கத்தில் நின்றாள்.

“ஆவுடை, கொஞ்சம் விரல வையேன்” என்றார், இதுவரை அந்த வீட்டில் கேட்டிராத குரலில்.

அவள் கையை நீட்டினாள். முழங்கை வரை எண்ணெய் மின்னியது. இன்பராணி அவசரமாகக் கருவியை நீட்டினார். சிவப்பு. மறுபடியும் சிவப்பு.

“எண்ணெய்க் கைம்மா. ரேகை விழாது.”

“துண்டால தொடச்சிருதேன்” என்று கோமதிநாயகம் முன்னால் வந்தார்.

ஆவுடையம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். “தொடச்சாப் போகாது. கழுவணும்.”

“அப்ப கழுவட்டி!”

“கழுவுதேன். கழுவுனா மொத்தமாத்தான் கழுவுவேன். மூணு கழுத்துப் பட்டையும் ஒரே ரேகையில கழறணும். ஆளுக்கு அவங்கவங்க தாகம் அவங்கவங்களுக்கு.” வடையைத் திருப்பிப்போட்டாள். “வல்லிக்கு உள்ளத அவ பாத்துக்கிடுவா. மருந்து உண்டு, நான் உண்டு. உங்களுக்குத்தான் இருக்கே, மன உறுதி.”

“சோப்பு அந்த மாடத்துல இருக்குப்பா” என்றாள் வல்லி. “எடுத்துக் குடுங்க.”

இன்பராணி அவரைப் பார்த்தார். வாசலில் காத்திருந்த தம்பிகள் பார்த்தார்கள். கோமதிநாயகம் மாடத்திலிருந்து சோப்பை எடுத்தார். எடுத்தவர் கொடுக்கவில்லை.

சட்டியிலிருந்த வடை சிவந்து, எடுத்து, அடுத்த ஈடும் போட்டாயிற்று. ஊர் ஊராக மன உறுதியைப் பற்றிப் பேசிய மனிதர், கையில் உருகும் சோப்போடு, அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.