கடைசி வரிசைக்கு ஒரு பேச்சு

"'நாங்கள் இங்கே மகிழ்ச்சியாக உழைத்தோம்.' இது யாரு எழுதினது?" என்று மார்னியின் பேச்சுக் காகிதத்தைக் காட்டிக் கேட்டார் வின்னி அத்தை.

"குரோதர் சார்," என்றாள் மார்னி.

"அவருக்கு எப்படித் தெரியும்? அவரு அப்போ தொட்டில்ல கிடந்திருப்பாரு."

வின்னி அத்தை பத்து வயது மார்னிக்குப் பக்கத்து வீடு. இங்கிலாந்தின் லங்காஷர் பகுதியில் இருக்கும் அந்த ஊரின் பருத்தி மில்லில் முப்பத்தொரு வருடம் தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் காது போய்விட்டது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். அதே மில்லில் இரவு ஷிப்ட் பார்த்த பஷீர் மாமாவும் அப்படித்தான். தறி ஓடும்போது அங்கே எல்லோரும் குரலே இல்லாமல், வாயை அகலமாக அசைத்துப் பேசிக்கொள்வார்களாம். பழகிப் பழகி மார்னிக்கும் அது வந்துவிட்டது.

இப்போது அந்த மில்லை அடுக்குமாடி வீடுகளாக மாற்றிவிட்டார்கள். திறப்பு விழாவில் மார்னி பழைய நெசவுக்காரி வேடத்தில் பேச வேண்டும். விழாவை நடத்துபவர் குரோதர்.

விழா அன்று, வீடு வாங்கியவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். வின்னி அத்தையும் பஷீர் மாமாவும் கடைசி வரிசையில், சுவர் ஓரமாக.

"சார், அவங்கள முன்னாடி உட்கார வைக்கலாமா? அவங்க என் வாயைப் பார்க்கணும்."

"எல்லா நாற்காலியிலயும் பேரு ஒட்டியாச்சும்மா. நீ சிரிச்ச முகமா பேசு, போதும்."

காட்சிக்கு வைத்திருந்த ஒரே தறியை ஓடவிட்டார்கள். கட்டடமே அதிர்ந்தது.

"நிறுத்தாதீங்க. வீடியோவுக்கு நல்லா இருக்கும்," என்று கத்தினார் குரோதர்.

முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். "நாங்கள் இங்கே மகிழ்ச்சியாக..." என்று தொடங்கினாள் மார்னி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஆனால் தூரத்தில் வின்னி அத்தை அவள் உதட்டைப் படித்துவிட்டார். மெல்லத் தலையைக் குனிந்துகொண்டார்.

மார்னி அதைப் பார்த்தாள். காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டாள். அத்தை நிமிரும்வரை காத்திருந்தாள். பிறகு குரலை விட்டுவிட்டு, வாயை மட்டும் அகலமாக அசைத்தாள்.

"அது நான் எழுதினது இல்ல அத்தை. ஒரு திங்கக்கிழமை நீங்க வேலைக்கு வந்தீங்க. கேட்ல பூட்டு தொங்குச்சு. ஏன்னு சொல்ல ஒருத்தரும் வரல. மத்தியானம் வரைக்கும் மழையில நின்னீங்க. பஷீர் மாமா, சேதி கேட்டு நீங்களும் வந்து நின்னீங்க."

பஷீர் மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"உங்க காதைப் பத்தி இன்னிக்கு வரைக்கும் யாரும் கேக்கல."

வின்னி அத்தையின் உதடுகள் அசைந்தன. "இன்னும் சொல்லு கண்ணு," என்றன.

"நாற்காலியாவது நல்லதா போட்டிருக்கலாம்னு சொல்லு," என்று அசைந்தது பஷீர் மாமாவின் வாய்.

மார்னி அதையும் சொன்னாள்.

தறி நின்றது. முன்வரிசை பலமாகக் கைதட்டியது. குரோதர் வந்து அவள் தோளைத் தட்டினார்.

"பிரமாதமா பேசினே."

"உங்களுக்குக் கேட்டுச்சா சார்?"

"ஒரு வார்த்தை விடாம," என்றார் அவர்.

 மார்னி முன்வரிசையைத் தாண்டிப் போய், வின்னி அத்தைக்கும் பஷீர் மாமாவுக்கும் நடுவில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள்.