உடைப்புக்கு ஒரு ஆள்

தஞ்சாவூரில் வாடகைக்கு வீடு கேட்டுப் பதினொரு வாசல் ஏறி இறங்கியவன் நான். எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் பேசுவார்கள். எந்த ஊர் என்பார்கள். திருவாரூர்ப் பக்கம் என்பேன். ஊரில் எந்தத் தெரு என்பார்கள். அதைச் சொன்ன பிறகு, வீட்டை மகனுக்கென்று ஒதுக்கி வைத்திருப்பது அவர்களுக்குத் திடீரென்று ஞாபகம் வந்துவிடும். அதனால்தான், கரந்தையில் நெருக்கடியான ஒரு சந்துக்குள் கட்டிய புது அடுக்குமாடியில், இரண்டாவது மாடி வீட்டைச் சொந்தமாகவே வாங்கினோம். அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. கட்டி விற்றவர் தெருவையெல்லாம் கேட்கவில்லை.

பால் காய்ச்சிய அன்று என் மனைவி அம்சவல்லி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "ஏங்க, இனி என்னைப் பொணமாத்தான் இங்கேருந்து தூக்கணும்," என்றாள். நல்ல நாளில் பேசுகிற பேச்சா இது என்று அதட்டினேன். சிரித்தாள்.

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பிடித்தது. படுக்கையறையின் வடக்குச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஈரம் கண்டது. பிளம்பர் வந்து தட்டிப் பார்த்தார்.

"சார், இந்தச் செவுத்துல பைப்பே கெடையாது. அந்தப் பக்கம் வெறும் வெளிதான்."

சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். மறுநாள் அதற்கு ஒரு சாண் தள்ளி ஊறியது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். உழுது போட்ட வயலின் சேற்று வாடை அடித்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கே வீடு இருட்டிக் கிடந்தது. கரண்ட் இல்லை. அம்சவல்லி அடுப்படியில் இருந்தாள். படுக்கையறையில் சலசலவென்று சத்தம் கேட்டு ஓடினேன். சுவர் பிளந்து, மண் கலந்த தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

என் அப்பா வயலுக்குத் தண்ணீர் கட்டுகிற ஆள். கரை உடைத்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முதுகை அந்தப் பிளவில் கொடுத்து நின்றுகொண்டு கத்தினேன்.

"உடைப்பூ! ஆள் வாங்க!"

எங்கள் ஊரில் அந்தக் குரலுக்கு ஒரு கட்டு உண்டு. காதில் விழுந்தவன் பகையாளியானாலும் ஓடி வந்தாக வேண்டும். வந்தவன் உடைப்பின் குறுக்கே படுப்பான். கூப்பிட்டவன் படுக்கக் கூடாது. அவன் கரையில் நின்று மண் வெட்டிப் போட வேண்டும். பொழுது இறங்குவதற்குள் மாற்று ஆளைக் கொண்டுவந்து, படுத்தவனை எழுப்பிவிட வேண்டும். நான் நிற்பது இரண்டாவது மாடி என்பதே எனக்கு மறந்துவிட்டது. புத்தி கெட்டவன்.

முதுகுக்குப் பின்னால், சுவருக்குள்ளிருந்து, ஒரு கிழட்டுக் குரல் கேட்டது.

"இங்கதான் கெடக்கேன். மாத்து ஆள் வந்தாச்சா?"

தண்ணீர் நின்றுவிட்டது.

கீழ்வீட்டு ஹமீதா பானு அக்காவிடம் ஓடினேன். இந்த மனையில் வாய்க்கால் ஓடிய காலத்திலிருந்து அதே சந்தில் இருப்பவர். சுவருக்குள் குரல் கேட்டதைச் சொன்னேன்.

"ராஜாங்கம் தம்பி, அது கூலி உசத்திக் கேட்டு வேலை நிறுத்தம் பண்ணின வருசம். வாய்க்கா உடைச்சுக்கிச்சு. மிராசுதார் ஆளுங்க கொரல் குடுத்தாங்க. நிறுத்தத்துல இருந்த ஒருத்தருதான், கூப்பிட்டுட்டாங்களேன்னு ஓடியாந்து படுத்தாரு. மாத்து ஆள் விடல. அவரு மேலயே மண்ணைப் போட்டு மூடிட்டாங்க." அக்கா என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டுட்டேன்க்கா."

"யா அல்லா. அப்ப மாத்து ஆள் நீங்கதான் விடணும்."

மாடிக்கு ஓடி அம்சவல்லியின் கையைப் பிடித்து இழுத்தேன். நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். "கெளம்பு. இப்பவே."

"எங்க? பன்னெண்டாவது வாசலுக்கா?" கையை உதறிக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். "இது என் வீடு. நான் வரமாட்டேன்."

பின்னாலேயே போனேன். சுவருக்குள் இருமல் கேட்டது.

"பொழுது எறங்குது, மவனே."

அவளுக்கும் கேட்டது.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. சுவர் பிளந்தது. கணுக்கால், முழங்கால் என்று தண்ணீர் ஏறியது. நான் குறுக்கே விழுந்து பிளவை அடைத்துக்கொண்டு படுத்தேன். உள்ளிருந்து இரண்டு கால்கள் என் முதுகில் உதைத்துத் தள்ளின.

"கூப்பிட்டவன் படுக்கக் கூடாது."

இடுப்பு.

மார்பு.

அவளைத் தூக்கிப் பிடித்தேன். என் கழுத்துக்கு வந்துவிட்டது.

"ரெண்டு பேரும் எதுக்குச் சாகணும்?" என்றாள் காதோரமாக. "என்னை விடுங்க."

"வேணாம் அம்சா. உன் கால்ல விழுறேன்."

"விடுங்கன்னா."

என் பிடியிலிருந்து வழுக்கிக்கொண்டு அந்தப் பிளவுக்குள் போனாள்.

தண்ணீர் ஒரே மூச்சில் வடிந்தது. தரை காய்ந்து கிடந்தது. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. கோவணம் கட்டிய ஒரு கிழவர் எழுந்து, முதுகு மண்ணைத் தட்டிவிட்டு, என்னைப் பார்க்காமலே படியிறங்கிப் போனார்.

கடப்பாரை எடுத்துச் சுவரை இடித்தேன். ஒரு வரிசைச் செங்கல், அதற்கப்பால் எதிர்வீட்டு ஜன்னலும் மழையும்தான் தெரிந்தன. போலீஸ் மூன்று நாள் வைத்து விசாரித்தது. அவள் அண்ணன் என் முகத்தில் துப்பினான். வந்து சுவரைத் திரும்பக் கட்டினேன். தினமும் சாயங்காலம் அதில் காதை வைத்துக் கேட்பேன். அவள் மூச்சு வாங்குவது கேட்கும். எத்தனை கெஞ்சினாலும் பேசமாட்டாள்.

எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான், மாற்று ஆள். வீடு விற்பனைக்கு என்று பலகை மாட்டினேன். நேற்று மழையோடு மழையாகப் பேராவூரணியிலிருந்து ஒரு புது ஜோடி பார்க்க வந்தது. "பெட்ரூம் பெருசா இருக்குங்க," என்று அந்தப் பெண் சந்தோஷமாக உள்ளே போய் நின்றாள். வடக்குச் சுவரில் ஈரம் கண்டிருந்தது. ஒரே ஒரு முறை கத்தினால் போதும். பாவம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் பெண்டாட்டி எனக்கு வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்து, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தேன்.

பின்னால் சுவருக்குள்ளிருந்து குளிர்ந்த கை ஒன்று வந்து என் வாயைப் பொத்தியது.

நகமெல்லாம் சேறு. கண்ணாடி வளையல் என் தாடையில் அழுந்தியது. நான் திமிறினேன். அந்த இருவரும் படியிறங்கி, குடையை விரித்து, சந்து முனையைத் தாண்டிப் போகும் வரை அவள் கையை எடுக்கவே இல்லை.