பூஜ்யமில்லை, காலி

அவள் அலுவலகக் கதவை இழுக்க, அதே நேரம் வெளியிலிருந்து அவன் தள்ள, அவன் குடையிலிருந்த மழை மொத்தமும் அவள் கையிலிருந்த தாள்களில் கொட்டியது.

"கண்ணை எங்க வச்சிட்டு வர்றீங்க?"

"ஐயோ... சாரி மேடம்!"

நிமிர்ந்தாள். நனைந்த இமைகளுக்குள் நன்றாகத் தூங்கி வெகுநாளான இரண்டு கண்கள். அடுத்த வசவை மறந்துவிட்டாள்.

"வானிலை அறிக்கை தயார் பண்றவங்களைப் பாக்கணும். மலை மேல இருக்கிற வானிலை நிலையத்துலேர்ந்து வர்றேன்."

"நான்தான்."

"ஓ... எங்க நிலையத்தை மூடச் சொன்னது நீங்கதானா?"

அவள் எதையும் மூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு நிலையமும் தினமும் அனுப்பும் அளவுகளில் எத்தனை கட்டங்கள் நிரப்பாமல் கிடக்கின்றன என்று கணினியில் எண்ணிக் கொடுத்தாள். அவ்வளவுதான். அதிகம் விடுபட்ட நிலையத்தை மூடுவது பற்றி நாளைக் காலைக் கூட்டத்தில் முடிவு. பட்டியலில் முதலிடம் மலை நிலையத்துக்கு.

திரையைத் திருப்பிக் காட்டினாள். மழை, வெப்பம், ஈரப்பதம், காற்று, அழுத்தம்... மேலிருந்து கீழே ஐந்து பத்திகள்; ஒரு மாதம் முழுக்க ஐந்திலும் ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் அவற்றை ஆங்கிலப்படி 'காலம்' (column) என்பார்கள்.

"நீங்களே பாருங்க. உங்க காலம் எல்லாம் காலி."

"எங்கம்மாவும் அதைத்தான் சொல்லிட்டிருந்தாங்க. கல்யாணம் பண்ணிக்காம காலத்தைக் காலி பண்றேன்னு..."

அவள் உதட்டில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை.

"அந்த மாசம் பூரா ஆஸ்பத்திரியில அவங்க கூட இருந்தேன். நிலையத்துக்கு நான் ஒரே ஆள். அப்புறம்... அவங்க போயிட்டாங்க."

அவள் திரையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பூஜ்யமாவது போட்டிருக்கலாமே," என்றாள் மெல்ல. "சில நிலையத்துல அப்படித்தான் போடுறாங்க."

"பூஜ்யம்னா, பாத்தேன், பெய்யலைன்னு அர்த்தம். நான் பாக்கலையே. ஆஸ்பத்திரி ஜன்னல் வழியா மழைச் சத்தம் கேட்டுச்சு. எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது மேடம்."

சட்டென்று போய்விட்டான். குடை நாற்காலியில் சாய்ந்திருந்தது. வாசல் வரை ஓடினாள்... தெருவில் அவன் இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தவளுக்கு வேலை ஓடவில்லை. எண்ணியதையே மறுபடி பார்த்தாள். ஒவ்வொரு காலத்திலும் காலிக் கட்டங்களை எண்ணி, ஐந்தையும் கூட்டியிருந்தாள். அப்படியானால்... அவன் வராத ஒவ்வொரு நாளும் ஐந்து முறை எண்ணப்பட்டிருக்கிறது! நாலு மாதம் ஒரே ஒரு கருவி பழுதாகிக் கிடந்த நிலையம் ஒழுங்கானதாகத் தெரிகிறது. அம்மாவை இழந்தவன் பட்டியலின் உச்சியில் நிற்கிறான்.

நாள்வாரியாக எண்ணிப் பார்த்தாள். ஐந்தில் ஒன்று விடுபட்டாலும் அது ஒரு நாள். ஐந்தும் விடுபட்டாலும் ஒரே நாள். மலை நிலையம் பட்டியலில் சரசரவென்று கீழே இறங்கியது.

சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. கூட்டத்தில் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேச அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். அவளுக்கென்று அங்கே இருந்த ஒரே மரியாதை, கணக்கு தப்பாதவள் என்பது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

மறுநாள் காலை எழுந்து நின்றாள்.

"சார்... என் கணக்கு தப்பு."

"அடடா, நம்ம கணக்குப் புலியே வழுக்கிடுச்சா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். காது மடல்கள் எரிந்தன. குரல் நடுங்க நடுங்க, கடைசி வரை விளக்கிவிட்டே உட்கார்ந்தாள்.

அவன் குடையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது படிக்கட்டில் அவன் நின்றிருந்தான்.

"குடையை விட்டுட்டுப் போயிட்டேன்..."

"மூடலை," என்றாள். "உங்க நிலையத்தை மூடலை. நான்தான் தப்பா எண்ணிட்டேன். சொல்லிட்டேன்."

அவன் படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டான். கண்கள் நிறைந்துவிட்டன.

"சொல்லாம இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே..."

"நீங்க பூஜ்யம் போடலையே."

மழை மறுபடி தூறத் தொடங்கியது. குடையை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா? உங்க மனசுல... யாராவது..."

அவள் படிகளைப் பார்த்தாள். தூறல் வலுத்தது.

"பதிலே வரலை. பூஜ்யம்னு எழுதிக்கவா மேடம்?"

"வேண்டாம்..." குடையை விரித்து அவன் பக்கமும் சாய்த்தாள். "பூஜ்யமில்லை. காலி."

மூச்சை இழுத்துக்கொண்டு, அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"நேத்து வரைக்கும்."